ஸே, டெல்: 'சொன்னார்' ஆங்கிலத்தில் இடறும்போது கோளாறு பார்க்கும் வழி

அடுத்தவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களை, அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. பெரிய பிழைகளை எழுதியவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஸே', 'டெல்' இரண்டும்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களிடமும் வரும். நானே அவசரத்தில் "டோல்ட் தட்" என்று அடித்து, அனுப்பிய பிறகு பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு.

நமக்கு இரண்டுக்கும் 'சொல்' ஒன்றே போதும் என்பதுதான் இதற்கெல்லாம் மூலம். அதற்குமேல் இலக்கணம் பேசப் போவதில்லை. உங்கள் வாக்கியத்தில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் எளிதாகத் தீர்வது முதலில், வாக்கியத்தையே பிரித்துப் போட வேண்டியது கடைசியில்.

## எதற்கும் முதலில்: விரல் சோதனை

வாக்கியத்தில் ஸே, ஸெட், டெல், டோல்ட் எது இருக்கிறதோ, அதற்கு அடுத்த சொல்லின்மேல் விரலை வையுங்கள். விரலுக்கடியில் கேட்டவர் இருக்கிறாரா? 'மீ', 'ஹிம்', 'அஸ்', 'த டாக்டர்', 'எவ்ரிஒன்', இப்படி யாராவது ஒருவர். ஆள் இருந்தால் டெல். ஆள் இல்லாமல் சொன்ன விஷயமோ, 'தட்' என்ற சொல்லோ, மேற்கோள் குறியோ நேரே வந்தால் ஸே.

அர்த்தத்தை யோசிக்காதீர்கள். அர்த்தத்தில் இரண்டும் 'சொல்'தான், யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அடுத்த சொல்லை மட்டும் பாருங்கள். இந்தச் சோதனை நமக்குப் புதிதும் அல்ல. எனக்கோ உனக்கோ என்றால் 'தா', அவனுக்கு என்றால் 'கொடு' என்று நம் பழைய இலக்கணக்காரர்கள் பிரித்து வைத்தார்கள். யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து வினைச்சொல்லை எடுப்பது நம் பழக்கமும்தான்.

என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்துவிடும். தீராதவை கீழே.

## அறிகுறி: "ஹி டோல்ட் டு மீ" என்று 'டு' வந்து ஒட்டிக்கொள்கிறது

முதல் சந்தேகம், 'கிட்ட'. 'என்னிடம் சொன்னார்', பேச்சில் 'என்கிட்ட சொன்னார்'. அந்த 'இடம்', 'கிட்ட' எல்லாம் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'டு' ஆகிவிடும். டெல்லுக்கு அந்த ஒட்டு தேவையில்லை. 'டு'வை அடித்துவிட்டு "ஹி டோல்ட் மீ" என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இவ்வளவுதான்.

அடித்த பிறகும் இடறினால், வினைச்சொல்லே தவறு. "ஷி டோல்ட் டு மீ குட்பை" என்பதில் 'டு'வை மட்டும் எடுத்தால் "ஷி டோல்ட் மீ குட்பை" மிஞ்சும். அதுவும் சரியில்லை. 'குட்பை' என்பது ஸே கேட்கும் சொல். "ஷி ஸெட் குட்பை டு மீ" என்று மாற்றுங்கள். ஸேவுக்குப் பக்கத்தில் ஆள் வரவேண்டுமென்றால் 'டு' கட்டாயம்.

கோளாறு இல்லாத 'டு'. "ஹி டோல்ட் மீ டு வெயிட்" என்பதில் 'டு' ஆளுக்குப் பின்னால் இருக்கிறது, அது வேறு வேலை பார்க்கிறது. "ஷி டோல்ட் த ஸ்டோரி டு த சில்ட்ரன்" என்பதில் கதை முன்னால் வந்து, கேட்டவர்கள் பின்னால் போய்விட்டார்கள், அப்போதும் 'டு' வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் கட்டுரை முழுக்க 'டு'வைத் தேடித் தேடி அழித்துவிட்டு, "டோல்ட் த ஸ்டோரி த சில்ட்ரன்" என்று கொண்டுவந்து நீட்டினார். தப்பு என்னுடையது, முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். வினைச்சொல்லை ஒட்டியபடி வரும் 'டு'தான் வேண்டாதது.

## அறிகுறி: "ஹி ஸெட் மீ"

முந்தையதின் மறுபக்கம். விரலுக்கடியில் ஆள், ஆனால் வினைச்சொல் ஸெட். இரண்டில் ஒன்று செய்யலாம். டோல்ட் ஆக்குங்கள், அல்லது நடுவில் 'டு' போடுங்கள்.

எது என்று முடிவு செய்ய அதற்கப்புறம் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒரு செய்தி வந்தால் டோல்ட்: "ஹி டோல்ட் மீ தட் த ஆஃபீஸ் வாஸ் க்ளோஸ்ட்". அவர் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே மேற்கோள் குறிக்குள் வந்தால் ஸெட் டு: "ஹி ஸெட் டு மீ, 'கோ ஹோம்.'" மேற்கோளுக்கு டோல்ட் மீ போடுகிறவர்களும் உண்டு, அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன். சந்தேகம் வந்தால் மேற்கோளுக்கு ஸெட் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

## அறிகுறி: "ஷி டோல்ட் தட்..." என்று தொடங்குகிறது

நான் அதிகம் திருத்துவது இதைத்தான். கூட்டக் குறிப்பு ஒன்றில் ஒரே பக்கத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். டெல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளைக் காணோம். தமிழில் 'அவர் வரமாட்டேன் என்று சொன்னார்' என்றால் யாரிடம் என்று யாரும் கேட்பதில்லை. டெல் கேட்கும்.

ஆளை மறந்துவிட்டீர்களா? அப்படியானால் ஆளைச் சேர்த்தால் போதும். "ஷி டோல்ட் அஸ் தட் த டேட் ஹேட் சேஞ்ச்ட்."

ஆள் முக்கியமில்லையா? அப்படியானால் வினைச்சொல்லை மாற்றுங்கள். "ஷி ஸெட் தட் த டேட் ஹேட் சேஞ்ச்ட்." கூட்டக் குறிப்புகளில் பெரும்பாலும் இதுதான் பொருந்தும், ஏனென்றால் கேட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கம் முழுக்க ஸெட், ஸெட் என்று ஆகிவிட்டதா? சலிப்புத் தட்டுகிறது என்று வேறு சொற்களுக்குத் தாவும்போது கவனம். 'எக்ஸ்ப்ளெய்ன்ட்', 'ஆடெட்' போன்றவை பாதிப்பில்லாதவை. 'அட்மிட்டட்' என்றால் ஒப்புக்கொண்டார். 'க்ளெய்ம்ட்' என்றால் சொல்கிறார், உண்மையா என்பது வேறு விஷயம். சும்மா சொன்னவரை ஒப்புக்கொண்டவராக ஆக்கிவிட்டால் வம்புதான். இந்தச் சலிப்பு எழுதுகிறவருக்குத்தான். படிக்கிறவர் கண்ணில் ஸெட் படுவதே இல்லை, எத்தனை முறை வந்தாலும் தாண்டிப் போய்விடுவார்.

பொய் எச்சரிக்கை. "ஐ குட் டெல் தட் ஹி வாஸ் டயர்ட்" என்பதிலும் டெல்லுக்குப் பின் 'தட்' நேரே வருகிறது, ஆள் இல்லை. இதைத் தொடாதீர்கள். இந்த டெல்லுக்குச் சொல்வது என்று அர்த்தமே கிடையாது. 'அவர் களைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது' என்று பொருள். முன்னால் 'கேன்' அல்லது 'குட்' இருந்து, தமிழில் 'தெரிகிறது' என்று போட்டால் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடுங்கள். "ஹார்ட் டு டெல்" என்பதும் இந்த வகைதான், சொல்லக் கஷ்டம் என்பதைவிடக் கண்டுபிடிக்கக் கஷ்டம் என்பதே நெருக்கம்.

## அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் வேறொருவர் வருவதாகப் புரிந்துகொள்கிறார்கள்

இந்தக் கோளாறுதான் உண்மையில் ஆபத்தானது. மற்றவை எழுதியவரின் ஆங்கிலத்தைக் குறையாகக் காட்டும், அவ்வளவுதான். இது செய்தியையே மாற்றிவிடும். இலக்கணப்படி வாக்கியம் சரியாக இருப்பதால் திருத்தும் மென்பொருளும் கோடு போடாது.

என் கண் முன்னால் நடந்தது ஒன்று. நண்பர் ஒருவர் வாடிக்கையாளருக்கு இப்படி மின்னஞ்சல் அனுப்பினார்: "த மேனேஜர் டோல்ட் தட் ஐ வில் கால் யூ ஆன் மண்டே." அவர் மனதில் ஓடிய தமிழ், 'திங்கட்கிழமை நான் கூப்பிடுகிறேன் என்று மேலாளர் சொன்னார்'. தமிழில் யாருக்கும் இதில் குழப்பம் வராது, அந்த 'நான்' மேலாளர்தான். ஆனால் ஆங்கிலத்தில் 'தட்'டுக்குப் பின் வரும் 'ஐ' எப்போதும் கடிதம் எழுதியவர். வாடிக்கையாளர் நண்பரின் அழைப்புக்காகக் காத்திருந்தார். திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டபோது தெரியாத எண் என்று எடுக்கவில்லை. மறுநாள், 'கூப்பிடுகிறேன் என்று எழுதிவிட்டுக் கூப்பிடவே இல்லையே' என்று நண்பருக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தபோது, இருவருமே மூன்று முறை படித்தும் என்ன தவறு என்று முதலில் பிடிபடவில்லை. டோல்ட்டை ஸெட் ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் 'ஐ' கண்ணில் பட்டது.

சோதனை. வாக்கியத்தைத் தமிழில் 'என்று' இல்லாமல் 'ஆக' போட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மேலாளர் தான் கூப்பிடுவதாகச் சொன்னார்.' 'நான்' உடனே 'தான்' ஆகிவிட்டது, பாருங்கள். தமிழில் 'தான்' ஆகும் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் 'ஹி' அல்லது 'ஷி' வர வேண்டும். 'நான்' மாறாமல் 'நான் கூப்பிடுவதாக மேலாளர் சொன்னார்' என்று நின்றால் மட்டும் 'ஐ' இருக்கலாம்.

எளிய திருத்தம். "த மேனேஜர் ஸெட் தட் ஹி வுட் கால் யூ ஆன் மண்டே." 'வில்' கூடவே 'வுட்' ஆகிறது. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை என்றால் 'வில்' என்றே விட்டாலும் தவறில்லை.

மேற்கோள் போட நினைத்தால். மேலாளரின் சொற்களை அப்படியே தருவதென்றால் 'தட்' போக வேண்டும், மேற்கோள் குறி வர வேண்டும். ஆனால் குறிக்குள் அவர் சொன்னது அப்படியே இருக்க வேண்டும். அவர் நண்பரைப் பார்த்து, வாடிக்கையாளரைப் பற்றிப் பேசினார். ஆகவே அவர் சொல்லியிருக்கக் கூடியது 'ஐ வில் கால் ஹிம்'. 'ஐ வில் கால் யூ' என்று குறிக்குள் போட்டால், மேலாளர் நண்பரைக் கூப்பிடுவார் என்று ஆகிவிடும். இப்படி ஒன்றை அவிழ்க்கப் போய் இன்னொன்று முடிச்சு விழும் என்பதால், கடிதங்களில் மேற்கோளைத் தவிர்த்துவிடச் சொல்வேன்.

நாளும் நகரும். மேலாளர் வெள்ளிக்கிழமை 'டுமாரோ' என்றதை நீங்கள் சனிக்கிழமை எழுதினால் அது 'டுடே'. இன்னும் தள்ளி எழுதினால் 'த நெக்ஸ்ட் டே'. பேசாமல் கிழமையையே எழுதிவிடுங்கள்.

'ஹி', 'ஷி' போட்ட பிறகும் குழப்பம் தீரவில்லை என்றால் வாக்கியத்தை உடைக்க வேண்டியதுதான். "த டாக்டர் டோல்ட் த நர்ஸ் தட் ஷி வாஸ் லேட்." தாமதம் யாருடையது? மருத்துவரும் பெண், செவிலியரும் பெண் என்றால் இதற்கு விடையே கிடையாது. தமிழில் 'தான் தாமதமாக வந்ததாக' என்றால் மருத்துவர், 'அவர் தாமதமாக வந்ததாக' என்றால் செவிலியர் என்று பெரும்பாலும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் 'தான்' இல்லாத குறை இங்கேதான் சுடுகிறது. மருத்துவர் தாமதம் என்றால், "த டாக்டர் அப்பாலஜைஸ்ட் டு த நர்ஸ் ஃபார் பீயிங் லேட்" என்று வேறு வினைச்சொல்லுக்குப் போய்விடலாம், அவர் உண்மையிலேயே மன்னிப்புக் கேட்டிருந்தால். இல்லையென்றால் 'ஷி'யை எடுத்துவிட்டு 'த டாக்டர்' என்று மறுபடி எழுதுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை.

## அறிகுறி: ஒரு வேலையைச் செய்யச் சொன்னதை எழுதும்போது சிக்குகிறது

"ஹி ஸெட் மீ டு வெயிட்", "ஹி டோல்ட் தட் டு வெயிட்", "ஹி டோல்ட் மீ வெயிட்" என்று மூன்று வடிவங்களில் வரும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: டோல்ட், ஆள், டு, வேலை. "ஹி டோல்ட் மீ டு வெயிட்." தமிழில் 'காத்திருக்கச் சொன்னார்' என்று வரும் இடமெல்லாம் இந்த அச்சில் ஊற்றிவிடலாம். 'செய்யச் சொன்னார்', 'போகச் சொன்னார்', 'வரச் சொன்னார்' எல்லாம் அப்படித்தான். ஆள் இல்லாமல் "ஹி ஸெட் டு வெயிட்" என்று பேச்சில் கேட்டிருப்பீர்கள். பேச்சில் சரி, கடிதத்தில் வேண்டாம்.

'நாட்' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "ஹி டோல்ட் மீ நாட் டு கோ" என்றால் போக வேண்டாம் என்றார். "ஹி டிட் நாட் டெல் மீ டு கோ" என்றால் போகச் சொல்லவில்லை. முதலாவது தடை. இரண்டாவதில் தடை எதுவும் இல்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். 'ஏன் போனாய்' என்று கேட்கும் இடத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

எழுத்தில் கோளாறு இல்லை, படித்தவர் முகம் சுளிக்கிறார் என்றால் சந்தேகம் மரியாதையின்மேல். டெல், ஆள், டு என்ற அச்சு கட்டளை. "ஐ டோல்ட் த டைரக்டர் டு கம் அட் டென்" என்றால் இயக்குநரை நீங்கள் ஏவியதாகத்தான் தோன்றும். அங்கே "ஐ ஆஸ்க்ட் த டைரக்டர் டு கம்" என்று மாற்றுங்கள். தமிழிலும் பெரியவர்களை 'வரச் சொன்னேன்' என்று எழுதமாட்டோம், 'வரும்படி கேட்டுக்கொண்டேன்' என்போம். அந்தக் 'கேட்டுக்கொண்டேன்'தான் ஆஸ்க்ட்.

## அறிகுறி: டெல்லுக்குள் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது

"டெல் மீ வேர் இஸ் த கீ." பேச்சில் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. எழுத்தில், கேள்வி டெல்லுக்குள் நுழைந்ததும் 'இஸ்' பின்னால் போக வேண்டும்: "டெல் மீ வேர் த கீ இஸ்." 'வாட் யுவர் நேம் இஸ்', 'வென் த ட்ரெயின் லீவ்ஸ்' எல்லாம் இப்படித்தான்.

திருத்திய பிறகும் வாக்கியம் நொண்டினால், அங்கே நடந்தது சொல்வதா கேட்பதா என்று பாருங்கள். "ஹி டோல்ட் மீ இஃப் ஐ வாஸ் ஃப்ரீ" என்று எழுதியவர் சொல்ல வந்தது 'நேரம் இருக்கிறதா என்று கேட்டார்'. அது ஆஸ்க்ட். கேள்வி போனால் ஆஸ்க்ட், பதில் வந்தால் டோல்ட்.

## அறிகுறி: 'சொல்லப்பட்டது' வரும் இடத்தில் விரல் சோதனை பொய்க்கிறது

ஆமாம், இங்கே அது வேலை செய்யாது. ஆள் வினைச்சொல்லுக்கு முன்னால் ஓடிவிடுவார். "ஐ வாஸ் ஸெட் தட் த ரூம் வாஸ் ரெடி" என்பதில் விரலுக்கடியில் 'தட்' இருக்கிறது, ஆகவே ஸெட் சரி என்று தோன்றும். சரியில்லை.

விரலை வாக்கியத்தின் தலையில் வையுங்கள். அங்கே இருப்பவர் அந்தச் செய்தியைக் கேட்டவரா? கேட்டவர் என்றால் டோல்ட்: "ஐ வாஸ் டோல்ட் தட் த ரூம் வாஸ் ரெடி." ஆளே இல்லாமல் 'இட்' இருந்தால் ஸெட்: "இட் இஸ் ஸெட் தட்..." அதாவது ஊரில் சொல்கிறார்கள். "இட் இஸ் டோல்ட் தட்" என்று எங்கே கண்டாலும் மாற்றிவிடலாம்.

தலையில் ஆள் இருந்தும் அவர் கேட்டவர் இல்லை, பேச்சே அவரைப் பற்றித்தான் என்றால் மறுபடி ஸெட். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஹி வாஸ் டோல்ட் டு பி க்வைட்", வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். "ஹி இஸ் ஸெட் டு பி க்வைட்", அமைதியான மனிதர் என்கிறார்கள். ஒருவரைப் பற்றிய பரிந்துரைக் கடிதத்தில் இது மாறிப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதுவும் பிடிபடவில்லை என்றால் சொன்னவரை முன்னால் கொண்டுவந்து வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். "தே டோல்ட் மீ தட் த ரூம் வாஸ் ரெடி." நமக்குச் செயப்பாட்டு வினைமேல் ஒரு மயக்கம் உண்டு, கடிதம் கனமாக இருப்பதாகத் தோன்றும். பாதி இடங்களில் அது வேண்டியதே இல்லை.

## அறிகுறி: ஆள் இல்லை, ஆனாலும் டெல்தான் சரி என்கிறார்கள்

"டெல் த ட்ரூத்." விரலுக்கடியில் உண்மைதான் இருக்கிறது, ஆள் இல்லை. இவை பழகிப்போன ஜோடிகள், சோதனைக்குக் கட்டுப்படாதவை. உண்மை, பொய், கதை, ரகசியம், நகைச்சுவைத் துணுக்கு, வருங்காலம் எல்லாம் டெல்லோடு போகும். ஹலோ, குட்பை, ஸாரி, தேங்க் யூ, யெஸ், நோ, நத்திங், பிரார்த்தனை எல்லாம் ஸேவோடு.

மனப்பாடம் செய்யப் பிடிக்கவில்லை என்றால் ஒரு குறுக்குவழி. வாயிலிருந்து வரும் சொல் அதுவேதானா? ஹலோ என்று சொல்கிறவர் வாயிலிருந்து 'ஹலோ' என்றுதான் வரும். அது ஸே. ஆனால் கதை சொல்கிறவர் 'கதை, கதை' என்று சொல்வதில்லை, கதை உள்ளே இருக்கிறது. அது டெல். பிரார்த்தனை மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனாலும் அங்கேயும் ஓதுவது சொற்களைத்தானே.

"டெல் த டைம்" என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை "கேன் டெல் த டைம்" என்றால் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்று அர்த்தம். உங்களுக்கு மணி என்ன என்று தெரிய வேண்டுமென்றால் "குட் யூ டெல் மீ த டைம்" என்று 'மீ' சேர்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் டெல்லுக்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவரை 'டெல்லர்' என்பதும், மொத்தம் என்பதற்கு 'ஆல் டோல்ட்' என்பதும் அந்த மிச்சம்தான்.

## அறிகுறி: பலகையும் கடிகாரமும் பேசும்போது

"த நோட்டீஸ் டெல்ஸ் தட் த லிஃப்ட் இஸ் நாட் வொர்க்கிங்." இங்கே ஸெஸ். எழுத்தில் இருப்பதைத் தமிழில் 'போட்டிருக்கிறது' என்போமே, 'பலகையில் போட்டிருக்கிறது', 'கடிதத்தில் போட்டிருக்கிறது', அதற்கு ஆங்கிலம் ஸெஸ். "த லெட்டர் ஸெஸ்", "த க்ளாக் ஸெஸ் டென்". ஆள் சேர்ந்தால் டெல்லும் வரும், "த நோட்டீஸ் டெல்ஸ் அஸ் டு யூஸ் த ஸ்டேர்ஸ்."

'ஸெஸ்' என்றே எழுதிக்கொண்டு வருகிறேன், கவனித்திருப்பீர்கள். எழுத்தைப் பார்த்து 'ஸேஸ்', 'ஸெய்ட்' என்று வாசிக்கிறவர்கள் உண்டு. உச்சரிப்பு 'ஸெஸ்', 'ஸெட்' என்று குறுகித்தான் வரும்.

## சின்னச் சின்னக் கோளாறுகள்

"டிட் யூ டோல்ட் ஹிம்?" 'டிட்' வந்த பிறகு இறந்தகாலம் இன்னொரு முறை வேண்டாம். "டிட் யூ டெல் ஹிம்?" 'டிடின்ட்' வந்தாலும் இதேதான்.

"ஹி ஸெட் அபௌட் த ஆக்ஸிடென்ட்." ஸேவுக்குப் பின் 'அபௌட்' நேரே ஒட்டாது. ஆள் இருந்தால் "டோல்ட் அஸ் அபௌட்". ஆள் இல்லை என்றால் "ஸ்போக் அபௌட்". நடுவில் ஏதாவது சொல் இருந்தால் ஸேவே நிற்கும், "ஹி ஸெட் நத்திங் அபௌட் த ஆக்ஸிடென்ட்".

"ஐ டோல்ட் ஸோ." 'அப்பவே சொன்னேனே' என்று குத்திக்காட்ட வேண்டுமென்றால் "ஐ டோல்ட் யூ ஸோ". குத்த வேண்டாம் என்றால் "ஐ ஸெட் ஸோ".

"ஹி டோல்ட் மீ ஆஃப்." 'ஆஃப்' என்பது அச்சுப்பிழை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது திட்டினார் என்று அர்த்தம்.

"ஸே, டென் பீப்பிள்." இதுவும் பிழையல்ல. 'ஒரு பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம்.'

தொலைபேசியை எடுத்ததும் "யெஸ், டெல் மீ." இலக்கணத்தில் குறையே இல்லை. நம் 'சொல்லுங்க' அப்படியே போயிருக்கிறது. நம்மவர்களுக்குள் பேசும்போது இயல்பாக இருக்கும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் அதட்டலாகக் கேட்கலாம். "ஹவ் கேன் ஐ ஹெல்ப்" அல்லது பேச்சின் நடுவே என்றால் "கோ அஹெட்" பாதுகாப்பானது.

## எப்போது கையை எடுத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட வேண்டும்

ஒரே வாக்கியத்தை மூன்று முறை திருத்தியும் நிற்கவில்லை என்றால், கோளாறு ஸே, டெல்லில் இல்லை. ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு பேர் பேசுகிறார்கள், மூன்றாமவர் கேட்கிறார் என்று இருக்கும். இரண்டு வாக்கியமாக உடையுங்கள். உடைத்தும் தீரவில்லை என்றால் ஆங்கிலம் தெரிந்த இன்னொருவரிடம் காட்டி, 'இதில் யார் என்ன செய்யப் போகிறார்?' என்று மட்டும் கேளுங்கள். 'இலக்கணம் சரியா' என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார்.

இதே பிழை உங்களுக்கு வாராவாரம் வருகிறது என்றால், நீங்களே எழுதிய பத்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பயிற்சிப் புத்தகத்து வாக்கியங்களைவிட உங்கள் வாக்கியங்கள்தான் எந்த இடத்தில் தவறுகிறீர்கள் என்று காட்டும்.

சில ஆவணங்களில் தொடக்கத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். சாட்சி வாக்குமூலம், ஒருவர்மேல் எழுதும் புகார், ஒப்பந்தம், சிகிச்சை பற்றிய அறிவுறுத்தல். 'சொன்னார்' என்பது யார், யாரிடம், கட்டளையா தகவலா என்று இவற்றில் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். நான் இவற்றைத் தொடுவதில்லை. வழக்கறிஞரிடமோ, தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடமோ கொடுங்கள்.

கொடுக்கும்போது உங்கள் ஆங்கில வரைவை மட்டும் கொடுத்தால் அவருக்கும் குழப்பம்தான், அந்த 'ஐ' யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கூடவே தமிழில் ஒரு சீட்டு வையுங்கள்: சொன்னவர், கேட்டவர், சொன்ன நாள், அவர் வாயிலிருந்து வந்த சொற்கள், அப்படியே, 'நான்' என்றால் 'நான்' என்றே.